ஒரு 'என்' அதிகம்

ஆங்கில ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். பல ஆண்டுகள் என் வகுப்பில் ஒரு விதியை அரைகுறையாகக் கற்பித்தேன். அது தெரியாமல் செய்தது. தெரிந்த பிறகு மூடி மறைத்தேனே, அதுதான் குற்றம்.

ஒற்றை உயிரெழுத்து, அடுத்து ஒற்றை மெய் என முடியும் சொல்லோடு உயிரில் தொடங்கும் விகுதி சேர்ந்தால் அந்த மெய் இரட்டிக்கும் என்பேன். 'ரன்', 'ரன்னிங்' ஆகும்போது இரண்டு என். 'பிக்', 'பிக்கர்' ஆகும்போது இரண்டு ஜி. உடனே நன்னூலுக்குத் தாவுவேன். கல் + ஐ = கல்லை; கண் + இல் = கண்ணில். "பவணந்தி முனிவர் சொன்னதைத்தான் வெள்ளைக்காரனும் செய்கிறான், பார்த்தீர்களா!" வகுப்பே வாயைப் பிளக்கும். அந்த வியப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதனால் மேற்கொண்டு எதையும் சரிபார்க்கவில்லை.

காலாண்டுத் தேர்வில், ஆங்கிலம் இரண்டாம் தாளில், ஒரு மாணவி 'ஓப்பனிங்' என்பதை ஒரே என் போட்டு எழுதியிருந்தாள். அடித்து, அரை மதிப்பெண் குறைத்தேன். அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்து, "சார், இதுல ஒரு என் தான் இருக்கு" என்றாள். "அப்போ 'டிராவலிங்'ல எதுக்கு ரெண்டு எல்?" என்று மடக்கி அனுப்பிவிட்டேன்.

அன்று இரவு இலக்கண நூலைப் புரட்டினேன். ஒன்றுக்கு மேற்பட்ட அசை உள்ள சொல்லில், கடைசி அசையில் அழுத்தம் விழுந்தால்தான் மெய் இரட்டிக்கும். 'பிகின்' என்பதில் அழுத்தம் பின்னால் விழுகிறது. 'பிகினிங்'கில் இரண்டு என். 'ஓப்பன்', 'விசிட்' இரண்டிலும் முன்னால் விழுகிறது, இரட்டிக்காது. 'பிரிஃபர்டு' என்பதில் இரண்டு ஆர். 'பிரிஃபரன்ஸ்' என்னும்போது அழுத்தம் முதலசைக்கு நகர்வதால் ஒரே ஆர். நான் வீசிய 'டிராவலிங்' பிரிட்டிஷ் வழக்கின் விலக்கு. அங்கே எல்லில் முடிந்தால் அழுத்தம் பார்ப்பதில்லை. நோவா வெப்ஸ்டரின் 1828 அகராதி காட்டிய வழியில் அமெரிக்கர்கள் அதையும் ஒரே எல்லோடு எழுதுகிறார்கள்.

நன்னூலையும் நான் ஒழுங்காகப் படித்திருக்கவில்லை. தனிக்குறிலை அடுத்த மெய்தான் இரட்டிக்கும் என்கிறது அது. மகன் + ஐ = மகனை; 'மகன்னை' என்று யாரும் எழுதுவதில்லை. 'தனி' என்ற நிபந்தனையை நான் விழுங்கிவிட்டேன்.

தமிழில் அழுத்தம் சொல்லின் பொருளை மாற்றாது. அதனால் நம் காது அதைக் கவனிப்பதில்லை. தெரியாமல் போனதற்கு இந்தச் சமாதானம் செல்லும். மறைத்ததற்குச் செல்லாது. மறுநாள் வகுப்பில் நான் வாய் திறக்கவில்லை. அந்த அரை மதிப்பெண்ணையும் திருப்பித் தரவில்லை. அடுத்த ஆண்டு முதல், எப்போதும் அப்படித்தான் சொல்லிவந்தவன் போல, சரியான விதியைக் கற்பித்தேன். அந்த மாணவி அதன்பின் என் வகுப்பில் கேள்வியே கேட்கவில்லை. அதை அடக்கம் என்று பாராட்டவும் செய்தேன்.

என்னிடம் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 'ஓப்பனிங்', 'விசிட்டிங்', 'லிசனிங்' ஆகியவற்றை இன்னும் மெய்யை இரட்டித்து எழுதுகிறீர்கள் என்றால், அது நான் சொல்லிக்கொடுத்த பிழை. ஒரு எழுத்தை எடுத்துவிடுங்கள். 'பிகினிங்'கில் மட்டும் இரண்டு என் இருக்கட்டும்.