கள்ளிக்காட்டில் எழுந்த இரும்புக் கலப்பை ஊர்... கிர்லோஸ்கர்வாடி!

புணேயிலிருந்து மிராஜ் போகும் ரயில் பாதையில், மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தில் இருக்கிறது அந்த ஸ்டேஷன். பெயர், 'கிர்லோஸ்கர்வாடி'. எங்கேயோ பார்த்த பெயராக இருக்கிறதா? நம்மூர்த் தோட்டங்களில் கிணற்று மேட்டில் ஓடும் பம்ப்செட்டில் இருக்கும் அதே பெயர்தான்!

சுற்று வட்டாரத்தில் கரும்பும் திராட்சையும் விளைகின்றன. நடுவே பம்ப் தொழிற்சாலையும், அதைச் சுற்றி வளர்ந்த ஊரும். ஆனால், 1910-க்கு முன்பு இது சப்பாத்திக்கள்ளியும் நாகப்பாம்பும் நிறைந்த 32 ஏக்கர் தரிசு!

அதை ஊராக்கியவர் லட்சுமண்ராவ் கிர்லோஸ்கர். 1869-ல் பெல்காம் பகுதியில் உள்ள குர்லஹோசூரில் பிறந்தவர். ஓவியராகும் ஆசையில் மும்பை ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அவருக்கு நிறக்குருடு இருப்பது அங்கேதான் தெரியவந்தது. ஆனாலும் ஊர் திரும்பவில்லை. வண்ணமே தேவைப்படாத இயந்திர வரைபடம் கற்றார். பிறகு, மும்பையில் தொழில்நுட்ப ஆசிரியர் ஆனார். வரவேண்டிய பதவி உயர்வு ஓர் ஆங்கிலோ இந்தியருக்குப் போனதும், வேலையை உதறிவிட்டு பெல்காம் வந்துவிட்டார்.

அங்கே அண்ணன் ராமுவண்ணாவோடு சைக்கிள் வியாபாரம். சைக்கிள் ஓட்டக் கற்றுத்தர 15 ரூபாய் கட்டணம்! அடுத்து, மாட்டுத்தீவனம் நறுக்கும் இயந்திரம் செய்தார்கள். அதன்பிறகு வந்தது இரும்புக் கலப்பை.

சோதனையும் அதோடுதான் வந்தது. 'இரும்பு பட்டால் மண் விஷமாகிவிடும்' என்று விவசாயிகள் பயந்தார்கள். முதல் கலப்பை விற்கவே இரண்டு வருடங்கள் ஆயின! வியாபாரம் மெல்ல நிமிர்ந்த நேரத்தில், பட்டறை இருந்த இடத்தைக் காலி செய்யச் சொன்னது பெல்காம் நகராட்சி.

போக்கிடம் இல்லாமல் நின்றவரை அழைத்தார் ஔந்த் சமஸ்தானத்து ராஜா. இந்த 32 ஏக்கர் நிலத்தோடு, வட்டியில்லாமல் 10,000 ரூபாய் கடனும் கொடுத்தார். 1910 மார்ச்சில், கள்ளியை வெட்டி, பாம்புகளை விரட்டி வேலையைத் தொடங்கினார்கள். தொழிலாளர்களுக்கான வீடுகளும் எழுந்தன.

தன் ஊரில் தீண்டாமைக்கு இடமில்லை என்று அந்தக் காலத்திலேயே தடை போட்டார் லட்சுமண்ராவ். சிறையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு அவர் கொடுத்த வேலை என்ன தெரியுமா? இரவுக் காவல்!

1926-ல் கிர்லோஸ்கரின் முதல் சென்ட்ரிஃபியூகல் பம்ப் வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் இன்ஜினீயரிங் படித்துத் திரும்பிய மகன் சாந்தனுராவ், தொழிலைப் பெரிதாக்கினார். 1946-ல் புணேயில் கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின்ஸ் தொடங்கப்பட்டது. 1956-ல் லட்சுமண்ராவ் காலமானார். அவரது நூற்றாண்டான 1969-ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

சாந்தனுராவ் பின்னாளில் எழுதிய சுயசரிதையின் தலைப்பு, 'காக்டஸ் அண்ட் ரோஸஸ்'. கள்ளியும் ரோஜாவும்! சிறுவயதில் அவர் வளர்ந்தது இந்த ஊரில்தான்.

அந்தப் பக்கம் ரயிலில் போனால் ஜன்னலோரம் உட்காருங்கள். ஒரு கலப்பையை விற்க இரண்டு வருடங்கள் காத்திருந்தவரின் ஊர், பெயர்ப்பலகையோடு வந்துபோகும்!