வீட்டுப் பள்ளியில் தமிழ் பீரியட்

பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிற பெற்றோருக்குக் கணக்குப் பாடத்தில் பெரிய குழப்பம் வருவதில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது அமெரிக்காவிலும் அதேதான், அடையாறிலும் அதேதான். அறிவியலும் கிட்டத்தட்ட அப்படித்தான். மண்டை காய்வது மொழிப் பாடத்தில். எந்தப் புத்தகம், எந்த முறை, எந்த வயதில் ஆரம்பிப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். வருகிற பதிலும் பெரும்பாலும் ஆங்கிலத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

சரி, தமிழ்?

"அதான் வீட்ல பேசறோமே, தானா வந்துடும்."

இந்தத் 'தானா வந்துடும்' எவ்வளவு தூரம் சரி என்று கொஞ்சம் பார்ப்போம்.

பெட்டியில் வரும் ஆங்கிலம்

'லாங்குவேஜ் ஆர்ட்ஸ்' என்பது அமெரிக்கப் பள்ளிக்கூடத்துச் சொல். படிப்பு, எழுத்து, ஸ்பெல்லிங், இலக்கணம், கேட்பது, பேசுவது எல்லாவற்றையும் ஒரே பாடமாகக் கட்டிவைத்த மூட்டை அது. வீட்டுக் கல்விக்காரர்கள் நடுவே இதில் சில வழிகள் பிரபலம்.

ஒன்று, இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லட் மேசன் (1842–1923) வழி. நல்ல கதைப் புத்தகத்தை ஒரே ஒரு முறை வாசித்துக் காட்ட வேண்டும். குழந்தை அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். கொஞ்சம் வளர்ந்ததும் நல்ல வாக்கியங்களைப் பார்த்து எழுதுவது, அதற்கப்புறம் சொல்வதை எழுதுவது. இரண்டாவது 'கிளாசிக்கல்' வழி. ஜெஸ்ஸி வைஸ், சூசன் வைஸ் பாயர் என்ற அம்மாவும் மகளும் 1999ல் எழுதிய 'த வெல்-டிரெய்ண்ட் மைண்ட்' இதற்குப் பெயர்போனது. சின்ன வயதில் மனப்பாடம், நடுவில் தர்க்கம், பெரிய வகுப்பில் வாதம் என்று மூன்று படி. மூன்றாவது ஃபோனிக்ஸ். ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலிகளோ 40க்கும் மேல். எந்த எழுத்துக் கூட்டம் எந்த ஒலியைத் தரும் என்று ஒவ்வொன்றாகப் பழக்குவது.

மூன்றுமே நல்ல முறைகள்தான். ஆனால் இவை எல்லாம் யாருக்காகச் செய்யப்பட்டவை? தொட்டிலில் இருந்தே ஆங்கிலம் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு. அந்தக் குழந்தைக்கு மொழி ஏற்கெனவே காதில் இருக்கிறது, எழுத்தை மட்டும் கற்றுக்கொடுத்தால் போதும். மயிலாப்பூர்க் குழந்தைக்குக் காதில் இருப்பது தமிழ். அல்லது தமிழும் தெலுங்கும், தமிழும் மலையாளமும், நடுநடுவே ஆங்கிலமும். அதே பெட்டியை இங்கே பிரித்தால், குழந்தை ஒரே நேரத்தில் புது மொழியையும் புது எழுத்தையும் சுமக்கிறது. பெட்டியில் தமிழுக்கு இடமே இல்லை என்பது தனிக்கதை.

காசு கொடுத்து வாங்கியாச்சே என்று பிடிக்காத பெட்டியை மூன்று வருஷம் இழுக்கிற பெற்றோரும் உண்டு. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது தெரிந்த பாடம்: திரும்பி வராத செலவை வைத்து அடுத்த முடிவை எடுக்கக் கூடாது. பெட்டிக்குக் கொடுத்தது போன பணம். குழந்தையின் ஏழாவது வயது இன்னும் கையில் இருக்கிறது.

கேட்க ஆள் இல்லாத பாடம்

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அது. வீட்டுக் கல்வி என்ற பேச்சையே அது எடுக்கவில்லை, சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்றும் எதுவும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் இந்தக் குடும்பங்கள் நடக்கின்றன. பிறகு 14 வயதானதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி (என்.ஐ.ஓ.எஸ்.) மூலமாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஐந்து பாடம் தேறினால் சான்றிதழ். அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். அந்த ஒன்று ஆங்கிலமாக இருந்தாலே போதும்.

தமிழ்நாட்டில் 2006ல் வந்த தமிழ் கற்றல் சட்டம் பள்ளிகளுக்கானது. ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியது. வீட்டில் படிக்கும் பிள்ளையை அது தொடாது. ஆக, தமிழ் ஒரு வரிகூட எழுதப் படிக்காமல் ஒரு பிள்ளை சென்னையிலேயே பிறந்து, வளர்ந்து, பத்தாவதும் பாஸ் பண்ணிவிடலாம். கேட்க ஆள் கிடையாது.

பில் வருவது பின்னால். 2021 டிசம்பரில் வந்த அரசாணைப்படி, தமிழக அரசுப் பணிக்கான போட்டித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். அதில் 40 விழுக்காடு வாங்கினால்தான் மற்ற தாளையே திருத்துவார்கள். அரசு வேலை வேண்டாம் என்பவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே ஓடும் 29சி பஸ்ஸில் உட்கார்ந்து, வெளியே தெரியும் போர்டை ஆங்கிலத்தில் மட்டும் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, பாதி ஊர் மூடியே இருக்கும். தமிழ் பாட்டியோடு பேச, காய்காரரிடம் பேரம் பேச என்று அந்த அளவிலேயே நின்றுவிடும். யோசிப்பதற்கும் வாதாடுவதற்கும் வேறொரு மொழிக்கு ஓட வேண்டியிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்கலாம். நியாயம்தான். நெட்டுருப் போட்டு, தேர்வு எழுதி, மறுநாளே மறந்துபோகிற தமிழை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனால்தான் வீட்டில் சொல்லித்தருகிறவர்களுக்கு வாய்ப்பு அதிகம். அதற்குத் தமிழ் எப்படிப்பட்ட மொழி என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

247ஆ, 125ஆ?

247 எழுத்து என்றதுமே பாதிப் பெற்றோர் பயந்துவிடுகிறார்கள். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம். ஆனால் 247ஐயும் தனித்தனியாக யாரும் கற்பதில்லை.

இங்கே அடையாற்றை நினைக்காமல் இருக்க முடியாது. மரியா மாண்டிசோரி 1939ல் பிரம்மஞான சபையின் அழைப்பின் பேரில் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இரண்டாம் உலகப் போர் வந்துவிட, இத்தாலியர் என்பதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். அவர் முறையில் ஒரு பெட்டி உண்டு, நகர்த்தும் எழுத்துகள். பென்சில் பிடிக்கக் கை பழகும் முன்பே குழந்தை எழுத்துத் துண்டுகளை அடுக்கி வார்த்தை உண்டாக்கும்.

இதைத் தமிழுக்குச் செய்தால் எத்தனை வகைத் துண்டு வேண்டும்? கணக்குப் போடலாம். உயிர் 12, ஆய்தம் 1. 'க, க், கி, கீ, கு, கூ' என்ற ஆறு வரிசையும் எழுத்தோடு ஒட்டியே வருவதால் 18 x 6 = 108. மிச்சமெல்லாம் ா, ெ, ே, ை என்ற நான்கு குறிகளில் அடங்கிவிடும். கொ, கோ இரண்டும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கௌ என்பதற்கு ஏற்கெனவே இருக்கும் 'ள' துண்டே உதவும். மொத்தம் 125. அட்டையும் கத்தரிக்கோலும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியான வேலை. திரும்பத் திரும்ப வரும் எழுத்துகளுக்கு மட்டும் கூடுதல் பிரதி வேண்டும்.

இந்தக் கணக்கு இவ்வளவு சுத்தமாக வருவதற்குக் காரணம் 1978ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த எழுத்துச் சீர்திருத்தம். பெரியார் பல வருஷம் தன் பத்திரிகையில் பயன்படுத்தி வந்த மாற்றம் அது. அதற்கு முன்னால் ணா, றா, னா, ணை, லை உட்பட 13 எழுத்துகளுக்குத் தனி வடிவம். தாத்தாவின் அலமாரியில் இருக்கும் பைண்டு புத்தகத்தைப் பிள்ளை பிரித்தால் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த 'லை' வரும். திட்ட வேண்டாம். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து காட்டினால் அதுவே ஒரு வரலாற்றுப் பாடம்.

அடுத்தது ஒலி. ஆங்கில ஃபோனிக்ஸ் படித்த பிள்ளை கேட்கும் முதல் கேள்வி: "தமிழ்ல 'பி'க்கு எது, 'பீ'க்கு எது?" 'பம்பரம்' என்று சொல்லிப் பார்த்தால் விடை கிடைக்கும். முதல் 'ப' அழுத்தம், 'ம்'முக்குப் பின்னால் வரும் 'ப' மென்மை. எழுத்து ஒன்றுதான், இடம்தான் ஒலியை மாற்றுகிறது. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி, மெல்லினத்துக்குப் பின்னால் மெல்லொலி. 'பஸ்' மாதிரி வந்து சேர்ந்த சொற்கள் இதற்கு அடங்காது. அவற்றை அப்படியே பழகிக்கொள்ள வேண்டியதுதான். ஆங்கில முறையை அப்படியே தமிழில் திணித்தால் இந்த இடத்தில்தான் இடிக்கும்.

இரண்டு தமிழ்

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் இது. குழந்தை பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது இன்னொரு தமிழ். "அவங்க வந்துட்டிருக்காங்க" என்று பேசுகிற பிள்ளை, புத்தகத்தில் "அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று படிக்க வேண்டும். எழுத்தெல்லாம் தெரிந்த பிள்ளைகூட இங்கே தடுக்கி விழும். 'தானா வந்துடும்' என்பது பேச்சுத் தமிழுக்குச் சரி. எழுத்துத் தமிழ் யார் வீட்டிலும் தானாக வராது, தமிழறிஞர் வீட்டிலும் சேர்த்து.

சார்லட் மேசனின் 'திருப்பிச் சொல்' முறை இங்கே ரொம்ப உதவும், ஒரு மாற்றத்தோடு. கதை எழுத்துத் தமிழில் காதில் விழட்டும். குழந்தை தன் பேச்சில் திருப்பிச் சொல்லட்டும், நடுவில் திருத்தக் கூடாது. சொன்னதை அம்மாவோ அப்பாவோ அப்படியே எழுதிக்கொள்ளட்டும். மறுநாள் இரண்டு பேரும் உட்கார்ந்து அதில் மூன்றே வரியைப் 'புத்தகத் தமிழுக்கு' மாற்றிப் பார்க்கலாம். பேச்சுத் தமிழ் தப்பு என்ற எண்ணம் மட்டும் பிள்ளை மனசில் விழுந்துவிடக் கூடாது. விழுந்தால் வாயை மூடிக்கொள்ளும். ல-ள-ழ, ர-ற, ந-ன-ண சண்டையெல்லாம் சொல்வதை எழுதும் வயதில் மெல்லத் தீர்க்கலாம்.

பாடம் எங்கே கிடைக்கும்?

வெளியூர்ப் பெட்டிக்குக் கொடுக்கும் காசில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது.

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 2018 முதல் வந்த புதிய புத்தகங்களில் படமும் விளையாட்டும் தாராளம். வகுப்பு எண்ணைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்து எடுக்க வேண்டும். இதற்கு முன்மாதிரியும் உள்ளூரிலேயே இருக்கிறது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி உருவாக்கிய முறையைப் பார்த்து, 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் செயல்வழிக் கற்றலை ஆரம்பித்தன. பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, ஏணி மாதிரி அடுக்கி, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏற வைத்தார்கள். 2022ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள்தான். ஏழு வயதில் அரும்பில் இருந்தால் குடி முழுகாது. இந்த விஷயத்தில் மாநகராட்சிப் பள்ளியிடம் வீட்டுப் பள்ளி கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

கோட்டூர்புரம் பக்கம் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளை மனதில் வைத்து 2001ல் ஆரம்பித்தது. மழலைக் கல்வியில் தொடங்கிப் பட்டம் வரை இணையவழிப் பாடங்கள் உண்டு. டொராண்டோ பிள்ளைக்காகச் செய்தது தி.நகர்ப் பிள்ளைக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை!

கதைக்குப் பஞ்சமே இல்லை. 1996ல் சென்னையில் தொடங்கிய தூலிகாவின் படப் புத்தகங்களில் ஆங்கிலமும் தமிழும் ஒரே பக்கத்தில் வருபவை உண்டு. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசம். அம்புலிமாமா நின்றுவிட்டது, ஆனால் துளிர் வருகிறது. 2010ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

பெட்டியை வாங்குவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்டுக்கொண்டால் போதும். இது எந்த மொழி பேசும் வீட்டுக்காகச் செய்யப்பட்டது? இதில் தமிழுக்கு ஒரு நாளில் எத்தனை நிமிஷம் மிஞ்சும்? அந்த நிமிஷத்தில் பிள்ளையோடு யார் உட்காருவார்கள்?

மூன்றாவதுதான் கஷ்டமான கேள்வி. தமிழ் படிக்கவே மறந்துபோன அப்பா அம்மாக்கள் இந்த ஊரில் நிறைய. அவர்களும் பிள்ளையோடு சேர்ந்து அரும்பிலிருந்து ஆரம்பிக்கலாம். தினமும் இருபது நிமிஷம், ஒரு கதை, மூன்று வரி. பள்ளிக்கூடத்தில் தமிழ் பீரியட் வந்தால் பிள்ளைகள் கொட்டாவி விடும். வீட்டில் அந்த பீரியடுக்காகப் பிள்ளை காத்திருக்கும்படி செய்ய முடியும். அதற்கு டைம்டேபிளில் தமிழ் என்று முதலில் எழுத வேண்டும்.