சுருக்கத் தெரியாத யந்திரம்

கல்லூரியில் என்னைக் கவிழ்த்தது கால்குலஸ். சூத்திரங்கள் மனப்பாடம், எங்கே தொடங்குவது என்றுதான் தெரியாது.

இன்று என் மகன், எழுத்துக் கணக்குப் போடுவதற்கென்றே கணினியில் ஒரு குட்டி மொழி கட்டுகிறான்.

"பெருக்கல் வந்தால், ஒன்றை அப்படியே வைத்து மற்றதற்கு விடை காண், பிறகு மாற்றிச் செய், இரண்டையும் கூட்டு. உள்ளே இன்னொரு பெருக்கல் இருந்தால் மறுபடியும் இதே விதி. வெறும் எக்ஸ் என்றால் ஒன்று, வெறும் எண் என்றால் பூஜ்யம். அவ்வளவுதான், அப்பா!"

1958-இல் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியை வகுக்கத் தொடங்கியபோது அவருக்கு வழிகாட்டியதும் இந்தக் கணக்குதானாம்.

எக்ஸ் ஸ்கொயரைக் கொடுத்தோம். 'இரண்டு எக்ஸ்' என்று வர வேண்டியது, 'எக்ஸ் பெருக்கல் ஒன்று, கூட்டல், ஒன்று பெருக்கல் எக்ஸ்' என்று வந்தது. தப்பில்லை, வளவளப்பு.

"சுருக்குவதுதான் கஷ்டம், அப்பா."

இருபது வருஷமாகக் கதை எழுதுகிறவனிடமா இதைச் சொல்கிறான்!