பன்னீர்த் திராட்சையின் பாட்டனார்

குலம், கோத்திரம், பூர்வீகம் என்று விசாரிக்கும் பழக்கம் எங்கள் மேற்கு மாம்பலத்தில் கொஞ்சம் ஜாஸ்திதான். பிள்ளைக்குப் பெண் தேடும்போது மூன்று தலைமுறை விசாரிக்காமல் காப்பிகூடச் சாப்பிட மாட்டார்கள். ஆனால் வாயில் போட்டுக்கொள்ளும் பழத்தின் பூர்வீகத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. தள்ளுவண்டியில் கறுகறுவென்று குவிந்திருக்கும் பன்னீர்த் திராட்சையைப் பார்த்து நாம் கேட்கிற கேள்விகள் இரண்டே இரண்டு. "கிலோ என்ன விலை?" என்பது முதலாவது. "கொட்டை இல்லாதது இருக்கா?" என்பது இரண்டாவது.

அந்த இரண்டாவது கேள்வி ஒரு ஜாதிப் பழத்தையே ஒழித்துவிடக் கூடியது என்பது எனக்குச் சமீபத்தில்தான் உறைத்தது. அதற்கு ஹங்கேரி தேசம் வரை போய்வர வேண்டியிருந்தது. போனது புஸ்தகங்களில்தான்.

ஹங்கேரி, பரப்பில் தமிழ்நாட்டைவிடச் சிறிய தேசம். அதற்குள் 22 திராட்சைப் பிரதேசங்களை வகுத்து வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒயின் செய்வதற்காக. மதுவின் வாசனை படாத குடும்பத்தில் பிறந்தவன் நான். ஆகையால் எனக்கு அதில் கிடைத்தது ருசி அல்ல, கதை.

ஷொம்லோ என்று ஒரு மலை. அங்கே விளையும் திராட்சைக்கு யூஃபார்க், அதாவது 'ஆட்டுவால்' என்று பெயர். குலை நீண்டு, நுனியில் வளைந்து, அப்படியே செம்மறியாட்டின் வாலைப் போல் இருக்குமாம். கலியாண ராத்திரியில் அந்த ஒயினைக் குடித்தால் ஆண் குழந்தை பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை. இந்த விஷயத்தில் உலகம் முழுவதும் ஒரே மாதிரிதான் இருக்கிறது! பாலடோன் ஏரிக்கரையில் பொடொச்சோனி என்ற இடத்தில் 'நீலக் காம்பு' என்று அர்த்தப்படும் கேக்நியெலூ விளைகிறது. அதன் பூவுக்குத் தானாகக் காய்க்கும் சக்தி கிடையாது. ஆகவே, பக்கத்தில் வேறு ஜாதிக் கொடி ஒன்றை வைத்து வளர்க்கிறார்கள். எகெர் என்ற ஊரின் சிவப்பு ஒயினுக்குக் 'காளை ரத்தம்' என்று பெயர். 1552-இல் துருக்கியர் அந்தக் கோட்டையை முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்த வீரர்கள் சிவப்பு ஒயினைத் தாடியில் வழிய வழியக் குடித்துவிட்டு வந்தார்களாம். இவர்கள் காளை ரத்தம் குடிக்கிறவர்கள் என்று எதிரிகள் பயந்தார்களாம். தாடிக் கதை எப்படியோ, முற்றுகை சரித்திரம். கோட்டை விழவில்லை என்பதும் சரித்திரம்.

எல்லாவற்றுக்கும் சிகரம் டோக்காய். பொட்ரோக், டிஸா என்ற இரண்டு நதிகள் கூடுகிற இடம். இலையுதிர் காலத்தில் நதிகளிலிருந்து பனிமூட்டம் எழும்பும். அந்த ஈரத்தில் பழத்தின் மேல் ஒரு பூஞ்சணம் பிடிக்கும். வேறு ஊராயிருந்தால் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். அங்கே அதற்காகவே காத்திருக்கிறார்கள். பூஞ்சணம் பிடித்த பழம் கொடியிலேயே சுருங்கி, உள்ளே இனிப்பு கெட்டியாகிவிடும். அதை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி எடுத்துத்தான் புகழ்பெற்ற 'அஸூ' ஒயினைச் செய்கிறார்கள். இந்தப் பிரதேசத்துக்கு 1737-லேயே ராஜ உத்தரவு போட்டு எல்லை வகுத்துவிட்டார்கள். 1823-இல் எழுதப்பட்டுப் பிறகு தேசிய கீதமான பாட்டிலேயே டோக்காய்த் திராட்சைக் கொடி வருகிறது. பிரான்ஸிலும் இத்தாலியிலும் அந்தப் பெயரை ஒட்டி ஒயின் விற்றவர்கள் 2007-இல் அதை விட்டுவிட நேர்ந்தது. பெயர் என்றால் அவர்களுக்குச் சொத்து.

இனி நம் சம்பந்தத்துக்கு வருகிறேன். டோக்காயில் ஃபுர்மின்ட், ஹார்ஷ்லெவெலூ என்ற முக்கிய ஜாதிகளோடு மஞ்சள் மஸ்கட் என்ற ஒரு ஜாதியும் உண்டு. நம் பன்னீர்த் திராட்சையின் சாஸ்திரப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மரபணுப் பரிசோதனை செய்து இதற்கு வம்சாவளி எழுதியிருக்கிறார்கள். மஞ்சள் மஸ்கட்டுக்கும் மத்தியதரைக் கடல் பக்கத்துக் கொடி ஒன்றுக்கும் பிறந்தது அலெக்ஸாண்டிரியா மஸ்கட். அதற்கும் கறுப்பு ஹாம்பர்க்குக்கும் பிறந்தது நம்முடைய பன்னீர். அதாவது டோக்காயின் மஞ்சள் மஸ்கட், நம் தள்ளுவண்டித் திராட்சைக்குப் பாட்டனார்! வாசனையும் வம்ச வாசனைதான். ரோஜாப்பூவில் இருக்கும் ஜெரானியால் என்ற பொருள் மஸ்கட் பழங்களிலும் உண்டு. இதெல்லாம் தெரியாமலே 'பன்னீர்' என்று பெயர் வைத்தானே, அந்தத் தமிழனை நினைத்துப் பார்த்தேன். மூக்கு என்றால் அதுவல்லவா மூக்கு!

இந்தப் பேரன் நம் ஊரில் நிலைபெற்ற இடம் கம்பம் பள்ளத்தாக்கு. பிரெஞ்சுப் பாதிரிமார்கள் கொண்டுவந்த கொடி என்று சொல்வார்கள். 1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் பாயும் பூமி. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கமெல்லாம் பந்தல் பந்தலாகத் திராட்சைதான். ஐரோப்பாவில் குளிர்காலம் கொடியைத் தூங்க வைக்கிறது. இங்கே குளிர்காலம் ஏது? கவாத்துக் கத்திதான் கொடிக்கு மார்கழியும் சித்திரையும். ஆகையால் வருஷம் முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். 2023-இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அந்தப் பக்கத்துச் சிநேகிதர் ஒருவர், ஒன்றரை ஏக்கர் பந்தல் உடையவர், போன தை மாதம் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். டோக்காய்ப் புராணம் முழுவதையும் அவரிடம் அவிழ்த்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பந்தலை எடுத்துட்டுத் தென்னை வைக்கலாம்னு இருக்கேன் சார்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "குறியீடு கொடுத்திருக்கிறார்களே?"

"குடுத்திருக்காங்க, இல்லேங்கலை. பழம் பழுக்கிற நேரத்தில் ரெண்டு மழை பெய்ஞ்சா வெடிச்சுப் போயிருது. அந்த ஊர்ல பூஞ்சணம் பிடிச்சாக் காசு. எங்களுக்குப் பிடிச்சா நஷ்டம். தோல் மெல்லிசு, ரெண்டு நாள் தாங்காது. மெட்ராஸ்ல எல்லாரும் கொட்டையில்லாததைத்தானே கேக்குறீங்க?"

"கேக்குறீங்க" என்று என்னையும் சேர்த்துத்தான் சொன்னார். அந்தச் சமயம் பார்த்து என் மனைவி ஒரு தட்டில் பழம் கொண்டுவந்து வைத்தாள். பச்சைத் திராட்சை, கொட்டை இல்லாதது. அவர் மரியாதைக்காக நாலு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

நான் விடவில்லை. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் கடைசியில் ஒரு பூச்சி வந்து ஹங்கேரியின் கொடிகளை வேரோடு அழித்ததையும், அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டி அவர்கள் மறுபடி உண்டாக்கியதையும் சொன்னேன்.

"செய்வாங்க சார். அவங்க நாட்டுப் பாட்டிலேயே அது இருக்குன்னீங்களே. எங்க கொடியை யாரு பாடியிருக்கா?" என்றார்.

கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் கேட்கக் கூடிய கேள்வியா இது? நான் பதில் சொல்லவில்லை.

சென்ற வாரம் டெலிபோனில் கூப்பிட்டார். அரை ஏக்கரைத் தென்னைக்கு விட்டுவிட்டாராம். பாக்கி ஒரு ஏக்கரில் கவாத்து செய்தாகிவிட்டது. நாலு மாதத்தில் பழம் வந்துவிடும் என்றார். அந்தச் சமயத்தில் மழை மட்டும் வராமல் இருக்க வேண்டும்.