புளி போட்டுத் தேய்த்த செக்ஸ்டண்ட்

கல்யாணமாகித் தூத்துக்குடிக்குப் போன பிறகு வந்த முதல் போகி, 1984. வீட்டுப் பித்தளையையெல்லாம் பளபளவென்று தேய்த்து மாமியாரிடம் நல்ல பெயர் வாங்கிவிட வேண்டுமென்று எனக்கு ஆசை. குத்துவிளக்கு, குடம், செம்பு முடிந்தன. மாமனாரின் அலமாரியில், மரப்பெட்டிக்குள் விசிறி போல ஒரு பித்தளைச் சாமான் கறுத்துக் கிடந்தது. இதை மட்டும் விடுவானேன் என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். தங்கமாக மின்னியது!

மாமா கப்பலில் அதிகாரியாக இருந்தவர். பழைய கப்பல் கருவிகளைச் சேர்ப்பதுதான் அவருக்கு ஒரே பைத்தியம். வந்து பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது. "பரவாயில்லேம்மா" என்றார். ராத்திரி சாப்பிடவில்லை.

மறுநாள் நானே அழுதுகொண்டு போய்க் கேட்டேன். பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார். அதன் பெயர் செக்ஸ்டண்ட். பித்தளை வில்லில் பதித்த வெள்ளிப் பட்டையில் தலைமயிர் போலப் பாகைக் கோடுகள். நடுப்பகலில் சூரியனின் உயரத்தை அளந்தால், பூமத்திய ரேகைக்கு எவ்வளவு தூரத்தில் கப்பல் இருக்கிறதென்று கணக்குப் போடலாம். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு பிசகினால் 1,852 மீட்டர் பிசகும். நான் தேய்த்ததில் பல கோடுகள் மழுங்கியிருந்தன.

"இனி இதை நீயே பார்த்துக்கோ" என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். திட்டியிருந்தால்கூட அத்தனை உறைத்திருக்காது. ஒருநாள் காலையில் கடற்கரைக்குக் கூட்டிப் போய், கறுப்புக் கண்ணாடியால் மறைத்துப் பார்க்கச் சொன்னார். கையை நகர்த்த நகர்த்த, சூரியன் இறங்கி வந்து கடல் விளிம்பில் உட்கார்ந்தது! அன்று பிடித்த பைத்தியம் எனக்கும்.

இன்று மாமா இல்லை. கருவிகள் என் பொறுப்பில். மெல்லிய உலர்ந்த துணியால் தூசி தட்டுவதோடு சரி. புளி, எலுமிச்சை, பாலிஷ் எதுவும் கிடையாது. பேரன் தவழ ஆரம்பித்ததும் ஒரு திசைகாட்டியைப் பூட்டி வைத்தேன். பழைய திசைகாட்டிகள் சிலவற்றில் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளி மங்கினாலும் ரேடியம் போகாது. அதில் பாதி குறையவே 1,600 வருஷமாகும். உதிர்ந்த தூள் வாயிலோ மூச்சிலோ போவது ஆபத்து. ஆகவே கண்ணாடியைத் திறக்கவே கூடாது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது கறுத்துக் கிடக்கலாம். புளியைக் கரைக்கும் முன், வீட்டுப் பெரியவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்களேன்!