கேட்டுப் பெற்ற முகவரி

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலுமுள்ள ஊர்களில் ஒரு பழைய வழக்கம் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. அயல்வீட்டுக்குச் செல்பவர், கதவு திறந்தே கிடப்பினும், கடப்படியில் நின்று குரல்கொடுப்பார். உள்ளிருந்து மறுமொழி வந்த பின்னரே வளவினுள் அடியெடுத்து வைப்பார். கடப்புத் திறந்திருத்தல் வேறு, உள்ளே வருமாறு அழைக்கப்படுதல் வேறு என்பதை எங்கள் ஊர்ச் சிறுவர்களும் அறிவர். இவ்வேறுபாட்டை நான் ஒருமுறை மறந்தேன். வாணிபத்தின் பொருட்டு மின்னஞ்சல் முகவரிகளைத் திரட்டுவதில் ஒப்புதலுக்குரிய இடம் யாது என்பதை அம்மறதியே எனக்குக் கற்பித்தமையால், அதனை இங்கு எழுதத் துணிந்தேன்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த கடற்கோள், வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் நாவலடி, கல்லடி முதலிய இடங்களைச் சிதைத்தது. அதனையடுத்து வந்த வாரங்களில், நகரிலிருந்த நலன்புரி நிலையம் ஒன்றில் மாணவத் தொண்டர்களுள் ஒருவனாக நானும் இருந்தேன். காணாமற்போனோரைத் தேடி வருபவர்களின் விவரங்களைக் குறிப்பது எனக்களிக்கப்பட்ட பணி. தேடப்படுபவர் பெயர், தேடுபவர் பெயர், செய்தி கிடைத்தால் அறிவிக்க வேண்டிய முகவரி என மூன்று நிரல்கள். கனடாவிலும் இங்கிலாந்திலும் இருந்த உறவினர் பலர் தம் மின்னஞ்சல் முகவரிகளைத் தந்திருந்தனர். நிலையம் மூடப்பட்ட பின்னர் அக்கொப்பியின் படியொன்று என்னிடமே தங்கிவிட்டது.

2012ஆம் ஆண்டில், படுவான்கரைக் கிராமம் ஒன்றில் பன்பாய் இழைக்கும் பெண்கள் சிலரின் விற்பனைக்கு உதவ முற்பட்டேன். உள்ளூர்ச் சந்தையில் அவர்தம் உழைப்புக்கேற்ற விலை கிடைக்கவில்லை. வெளிநாடுகளில் வாழும் எம்மவர் வாங்குவர் எனக் கருதினேன். ஆனால் அவர்களை அடைவது எவ்வாறு? அப்போது அப்பழைய கொப்பி நினைவுக்கு வந்தது. அதிலிருந்த இருநூற்றுக்கு மேற்பட்ட முகவரிகளுக்கும் என் பெயரிட்டு விற்பனை மடலொன்றை அனுப்பினேன். ஏழைப் பெண்களுக்கு உதவும் நோக்கம் நன்னோக்கமே என்ற நிறைவு வேறு என் மனத்தில் இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு மறுமொழி வந்தது. எழுதியவர் கனடாவில் வாழும் ஓர் அம்மையார். "தம்பி, உங்கட பேரைக் கண்டவுடன தங்கச்சிர சேதிதான் வந்திட்டாக்கும் எண்டு நினைச்சித் திறந்தன். பாய் விக்கிறது பிழையில்ல. ஆனா அந்த முகவரிய நான் அதுக்குத் தரல்ல." இவ்வளவே. கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அவர் தேடிய தங்கையின் பெயருக்கு எதிரே எக்குறிப்பும் இருக்கவில்லை. ஏழாண்டுகள் கழித்து, ஒரு கணம், நான் அவருக்கு அத்தங்கையை உயிருடன் காட்டிப் பறித்திருந்தேன்.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன், மறுமொழி வரவில்லை. என் கணினியிலிருந்த பட்டியலை அன்றே அழித்தேன். ஆயினும் அவருடைய இறுதி வாக்கியம் அழியவில்லை. முகவரி என்பது ஒரு பொருளன்று. ஒரு காரியத்தின் பொருட்டு ஒருவர் இன்னொருவர்மீது வைக்கும் நம்பிக்கை அது. காரியம் மாறும்போது மீண்டும் கேட்க வேண்டும். என் தவறு புதியதுமன்று. வேண்டா மடல்களுள் முதலாவதாகக் கருதப்படுவது 1978ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பில் அனுப்பப்பட்டது. கணினி நிறுவனமொன்றின் விற்பனையாளரான கேரி தூர்க் என்பவர், புதிய கணினிகளின் காட்சிக்கு வருமாறு ஏறத்தாழ 400 பேரை அழைத்தார். அம்முகவரிகள் வலையமைப்பின் அச்சிட்ட விவரக்கொத்திலிருந்து எடுக்கப்பட்டவை. விவரக்கொத்து விற்பனைக்காகத் தொகுக்கப்பட்டதன்று. என் கொப்பியும் அவ்வாறே.

பின்னர் வெற்றுத்தாளிலிருந்து தொடங்கினேன். கண்காட்சிகளிலும் கோயிற் சடங்குக் காலங்களிலும் பாய் விற்குமிடத்தில் ஒரு தாளை வைத்தோம். யார் எழுதுவர், எதைப் பற்றி எழுதுவர், ஆண்டுக்கு எத்தனை முறை எழுதுவர் என்பன அதன் தலைப்பிலேயே இருந்தன. பாய் வாங்குவதற்கும் பெயர் தருவதற்கும் தொடர்பில்லை எனவும் எழுதினோம். பெயர் தந்தவருக்கு முதலில் ஒரு சிறு மடல் செல்லும். அதிலுள்ள இணைப்பை அழுத்தி அவர் உறுதிப்படுத்தினாலன்றி அடுத்த மடல் செல்லாது. பிறர் ஒருவர் விளையாட்டாக எழுதிய முகவரியும், கைப்பிழையாக எழுதிய முகவரியும் இதனால் நீங்கிவிடும். ஒப்புதல் தந்த நாளையும் இடத்தையும் குறித்து வைத்தோம். ஒவ்வொரு மடலின் அடியிலும் விலகும் வழியைக் காட்டினோம். ஓராண்டு முடிவில் எம்மிடமிருந்த பெயர்கள் முப்பத்தேழு.

பாய் இழைப்போருள் மூத்தவர் இதனால் மனங்குறைப்பட்டார். "முந்தி நெறையப் பேர் இருந்தாங்களே, மகன்?" என்றார். விற்பனை குறைந்தால் முதலில் வாடுவது அவர் அடுப்பே என்பதை நான் அறிவேன். நடந்ததை மறைக்காமற் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. 2007ஆம் ஆண்டுப் போரில் படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்தவர் அவர். பின்னர், "எங்கட பேரையும் எத்தின பேர் வந்து எழுதிப்போனாங்க மகன், என்னத்துக்கு எண்டு ஒருத்தரும் சொல்லல்ல" என்றார். அதன் பிறகு பட்டியலின் நீளம் பற்றி அவர் கேட்டதேயில்லை.

அக்காலத்தில் இலங்கையில் இதற்கெனத் தனிச் சட்டம் இருக்கவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரைக் குறித்து அனுப்பும் விளம்பரச் செய்திகளுக்கு அவரது ஒப்புதலை வேண்டுகின்றது. கட்டணமின்றி விலகும் வழியை அறிவிக்க வேண்டும் என்கின்றது. 2014ஆம் ஆண்டு ஜூலை முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த கனடாச் சட்டத்தின்படி, விலக விரும்புபவரைப் பத்து வேலைநாள்களுள் விடுவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018ஆம் ஆண்டு மே மாதம் முதல் நடைமுறையிலுள்ள ஒழுங்குவிதி, முன்கூட்டியே அடையாளமிட்ட கட்டத்தை ஒப்புதலாக ஏற்பதில்லை. தந்த ஒப்புதலை மீளப்பெறுவது தந்தது போன்றே எளிதாயிருக்க வேண்டும் என்கின்றது. கூகிள், யாகூ ஆகியனவும் 2024ஆம் ஆண்டு பெப்ரவரி முதல், பெருந்தொகையாக அனுப்புவோரிடம் முறைப்பாட்டு வீதம் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது என எதிர்பார்க்கின்றன. ஆயிரம் பேருள் மூவர் முறையிட்டாலே அவ்வெல்லை எட்டப்பட்டுவிடும். கேளாது சேர்த்த பட்டியல் அறத்தால் மட்டுமன்றிப் பயனாலும் குறைபாடுடையது என்பது இதனாற் பெறப்படும்.

இவை வணிகர்க்குரியன என நாம் ஒதுங்கிவிடல் ஆகாது. கருத்தரங்க வாயிலில் வரவுப் பதிவுக்கென வாங்கிய முகவரிகளுக்கு நுழைவுச்சீட்டு விற்க மடல் அனுப்பும் மாணவர் மன்றங்கள் உண்டு. ஆய்வுக்கென விவரம் திரட்டி, அதனைப் பிறிதொன்றிற்குப் பயன்படுத்தும் ஆய்வாளரும் உண்டு. போரினாலும் கடலினாலும் அலைக்கழிக்கப்பட்ட இம்மண்ணில், பெயரை எழுதிக் கொடுத்தல் பலர்க்கு எளிய செயலன்று. அடுத்த கருத்தரங்கின் வரவுத்தாளை வரையுமுன், 'இது எதற்காக' என்ற ஒரு வரியை அதன் தலைப்பில் எழுதுமாறு மன்றத்து நண்பர்களை வேண்டுகின்றேன்.

எம் பட்டியல் இன்றும் சிறியதே. அதிலுள்ளோரிற் பெரும்பாலோர் மடல் வந்தால் திறக்கின்றனர். சிலர் பாயைப் பற்றி மட்டுமன்றி, வாவியில் மீன்பாடு எப்படி, வயலில் விளைச்சல் எப்படி என்றும் கேட்டு எழுதுகின்றனர். அக்கனடா அம்மையாரின் முகவரி அதில் இல்லை.