யாரோடு?

திருவண்ணாமலைக்குத் தனியாக வருபவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. வீட்டில் ஒரு கடிதத்தை எழுதி வைத்துவிட்டு மதுரையிலிருந்து கிளம்பிய பதினாறு வயது வேங்கடராமன் 1896 செப்டம்பர் 1 அன்று இவ்வூர் வந்து சேர்ந்தான். ஊர் அவனை ரமணராக்கித் தன்னிடமே வைத்துக்கொண்டது. அவரைத் தேடி 1930களில் பால் பிரண்டன் வந்தார், சாமர்செட் மாம் வந்தார். இன்றும் செங்கம் சாலையில் துணிப்பையோடு தனியே நடக்கும் வெளிநாட்டுப் பெண்களிடம், "கூட யாரும் வரலையா?" என்று எந்தத் தேநீர்க்கடைக்காரரும் கேட்டு நான் கண்டதில்லை. தனிமை இங்கே ஒரு தகுதி. ஆனால் அது வந்து சேர்பவர்களுக்கு உரிய தகுதி. இங்கேயே பிறந்து வளர்ந்த நாற்பத்தாறு வயதுப் பெண்ணொருத்தி பத்து நாள் விடுப்பில் இலங்கைக்குப் போகிறேன் என்று சொன்னால், முதலில் எழும் கேள்வி "யாரோட?" என்பதுதான்.

ஆறு ஆண்டுகள் படுக்கையில் கிடந்த அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள். அந்த ஆண்டுகளில் ஓர் இரவுகூட நான் வெளியூரில் தங்கியதில்லை. ஓய்வு வேண்டும் என்பதை உறவினர்கள் ஏற்றார்கள். ஆனால் அதற்கொரு புனிதக் காரணம் தேவைப்பட்டது. "கதிர்காமம் போறேன்னு சொல்லிடேன்" என்று யோசனை சொன்னாள் சித்தி. தவறில்லை. இவ்வூர் அருணகிரிநாதர் கதிர்காமத்து முருகனைப் பாடியவர். யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் பொத்துவில், உகந்தை வழியாகத்தான் காட்டுக்குள் நுழைகிறார்கள். நான் போகவிருந்ததும் பொத்துவிலுக்கு அருகில்தான். ஆனால் நான் போனது அலைச்சறுக்கு கற்பதற்காக.

எங்கள் ஊரில் கடல் இல்லை; கடலின் பெயர் உண்டு. மலையடிவாரத்து ஏரிக்குச் சமுத்திரம் என்று பெயரிட்டிருக்கிறார்கள். பல கோடைகளில் அந்தச் சமுத்திரத்தின் தரையில் ஆடுகள் மேயும். அப்படிப்பட்ட ஊர்க்காரி ஒருத்தி அறுகம்குடாவில் இடுப்பளவு நீரில் நின்றபோது கால்கள் நடுங்கியதில் வியப்பில்லை.

இலங்கையின் கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்தில் இருக்கிறது அறுகம்குடா. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கே அலைப் பருவம். தெற்கே பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், யாரும் வசிக்காத பெருங்கடலில் வீசும் புயற்காற்று எழுப்பும் அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே கரையேறுகின்றன. ஆழம் குறையும் இடத்தில் அலையின் அடிப்பகுதி தரையில் இழுபட்டுத் தாமதிக்கிறது. மேற்பகுதி முந்திச் சாய்ந்து உடைகிறது. உடைவதற்குச் சற்று முன்பான அந்தச் சரிவில்தான் பலகை வழுக்க வேண்டும். அந்தப் பருவத்தில் நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசும் காற்று, அலை விரைந்து கவிழாமல் தாங்கிப் பிடிக்கிறது.

பாடம் எளிமையானது. பலகையில் குப்புறப் படுக்க வேண்டும். கைகளால் நீரைத் துழாவ வேண்டும். அலை பின்னாலிருந்து தூக்கும்போது கையூன்றி, ஒரே அசைவில் எழுந்து நிற்க வேண்டும். கற்றுத் தந்த இளைஞன் மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழில் பேசினான். "இப்ப கிறுகுங்க" என்பான். திரும்பச் சொல்கிறான் என்று புரிவதற்குள் அலை போய்விடும். "மறுகா வரும்" என்று சிரிப்பான். மறுகா என்றால் பிறகு. கடலோரம் வாழ்பவர்களின் தத்துவம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருப்பதாக எனக்குத் தோன்றியது.

மூன்று நாட்கள் விழுந்தேன். கோபுரத்திலிருந்து குதித்த அருணகிரியை முருகன் ஏந்திக்கொண்டான் என்பது எங்கள் ஊர்க்கதை. என்னை உப்புநீர் ஏந்தியது. மூக்கு வழியாகவும் உள்ளே வந்தது. நான்காம் நாள் காலை நான்கைந்து நொடிகள் நின்றேன். அவ்வளவுதான். ஆனால் அந்த நொடிகளில் நான் யாருடைய மகளாகவும் இல்லை, யாருக்கும் மருந்து வேளையை நினைவில் வைத்திருக்கவும் இல்லை.

அந்த ஊர்ப் பெண்களுக்கும் இது எளிதாகக் கிடைத்துவிடவில்லை. கடலுக்குப் போவது ஆண்களின் வேலை என்ற எண்ணத்தோடு மோதித்தான் அவர்களும் பலகை எடுத்தார்கள். பெண்களுக்கென்றே இலங்கையின் முதல் அலைச்சறுக்குக் குழு அங்கே 2018இல்தான் தொடங்கியது. அலைச்சறுக்கின் தாயகமான ஹவாயிலோ பழங்காலத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே அலையேறினார்கள்.

உணவைச் சொல்லாமல் முடியாது. நான் தங்கிய இடத்துக்கு அருகே முஸ்லிம் அம்மையார் ஒருவரின் சிறிய சாப்பாட்டுக்கடை இருந்தது. காலையில் தேங்காய்ப்பூ இடையிட்ட பிட்டும், மஞ்சள் சொதியும், இடித்த சம்பலும். சொதி நம் ஊரிலும் உண்டு, திருநெல்வேலிப் பக்கம். ஆனால் இங்கே அது விருந்தின் பண்டமல்ல, தினமும் ஊற்றிக்கொள்வது. மதியம் சோறும் மீன்குழம்பும். மாலையில் மண்சட்டி எருமைத் தயிரின் மேல் கித்துள் பாணி. தயிரில் இனிப்பா என்று முகம் சுளித்தவள், இரண்டாம் நாள் இன்னொரு கிண்ணம் கேட்டேன்.

முதல் நாள் அவரும் கேட்டார், "தனியாவா வந்தீங்க?" ஆமென்றேன். "நானும் தனியத்தான்" என்றார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அவர் தனி. ஆழிப்பேரலையில் இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். அவர் கடையிலிருந்து கடல் நூறு அடி தொலைவு. அன்றிலிருந்து அவர் அதில் கால் நனைத்ததில்லை என்று அந்த இளைஞன் சொன்னான்.

தினமும் தலையில் உப்பு காயாமல் அவர் முன் உட்கார்ந்து பிட்டு தின்றுகொண்டிருந்த எனக்கு அதன் பிறகு கூச்சமாயிருந்தது. அவர் உயிர்களைக் கொடுத்த நீரில் நான் விளையாடிக்கொண்டிருந்தேன். அவரோ சொதியை மட்டும் கூடுதலாக ஊற்றினார். கிளம்பும் நாளில் மிச்சக்காசை எண்ணிக் கொடுத்தபடி கேட்டார், "கடல் எப்படி இருக்கு?"

பேச்சற்றுப்போன உறவுக்காரரின் நலத்தை மூன்றாமவரிடம் விசாரிப்போமே, அந்தக் குரல். "நல்லா இருக்கு, அமைதியா இருக்கு" என்றேன். தலையசைத்தார். "இருக்கட்டும்" என்றார்.